பெயரில்லாத டப்பாவும் லேசர் கதிரும்: அழகுச் சிகிச்சைகளை எடைபோடுவது எப்படி

திருகோணமலையில் ஒரு கலியாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய கையோடு அழகு நிலையத்திலும் நாள் குறித்துவிடுகிறார்கள். பேசியல், முடி நேராக்கல், லேசர் என்று பட்டியல் நீளும். சிலர் வெள்ளையாக்கும் ஊசியையும் கேட்கிறார்கள். இவற்றில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று விசாரித்தால் பெரும்பாலானோர் லேசரைச் சொல்வார்கள், அடுத்து ஊசியை. இரவில் பூசிக்கொண்டு படுக்கும் கிறீமை யாரும் சொல்வதில்லை. உடம்புக்கு வந்து சேரும் கேட்டை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழானது. லேசர் சுட்டுவிட்டால் அன்றைக்கே தோலில் தெரியும். எந்தக் கருவி, என்ன அளவு என்று கேட்கவும் முடியும். பெயரில்லாத டப்பாவில் என்ன இருக்கிறது என்பதோ விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதன் விளைவும் மாதங்கள் கழித்துத்தான் வரும், அதுவும் சில நேரம் முகத்தில் அல்ல, சிறுநீரகத்தில்.

தோலின் நிறத்தையும் அது வெயிலைத் தாங்கும் விதத்தையும் வைத்து 1 முதல் 6 வரை வகுக்கும் ஃபிட்ஸ்பற்றிக் அளவுகோல் ஒன்று உண்டு. நமது பகுதியில் பெரும்பாலானோருக்கு 4ஆம், 5ஆம் வகைத் தோல். இது வெயிலை ஓரளவு தாங்கும். சுருக்கமும் பிந்தித்தான் விழும். ஆனால் சுட்டாலும் உரித்தாலும் கிள்ளினாலும் அந்த இடத்தில் கறுப்பு ஊறி நின்றுவிடும். பரு ஆறிய பிறகும் அதன் அடையாளம் மாதக்கணக்கில் போகாமல் இருப்பது இதனால்தான். வெள்ளைத் தோலில் பார்த்து எழுதிய லேசர் அளவையோ அமிலச் செறிவையோ அப்படியே இங்கே கொண்டுவந்தால், குறைய வேண்டிய நிறம் கூடிவிடும்.

இதற்கு மேல் வெயில். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் புற ஊதாச் சுட்டெண் 11ஐயும் அதற்கு மேற்பட்டதையும் ஆகக் கடுமையான வகையில் வைக்கிறது. இங்கே தெளிந்த வானத்து மதியத்தில் அது சாதாரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மழையும் இல்லை, மேகமும் குறைவு. நிறத்தைக் குறைக்கும் எந்தச் சிகிச்சையும் இந்த வெயிலோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் சிகிச்சை தொடங்கும் இடத்தை நம்பாதீர்கள்.

இரவுக் கிறீமுக்குள் என்ன இருக்கிறது

இரண்டு வாரத்தில் முகத்தை வெளுக்கச் செய்யும் கிறீம் ஒன்று இருக்கிறதென்றால் அதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: பாதரசம் அல்லது வலுவான ஸ்டீரொய்ட். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நேர்மையான மருந்துகள் எதுவும் அந்த வேகத்தில் வேலை செய்வதில்லை. ஆகவே வேகம்தான் முதல் எச்சரிக்கை.

தோலில் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரசம் அந்த நொதியை முடக்குகிறது. நிறம் குறைவது உண்மைதான். ஆனால் பாதரசம் தோலில் நிற்பதில்லை. குருதியில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. சிறுநீரக வடிகட்டியின் சவ்வு கெட்டுப் புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. காலையில் கண் இமை வீங்குவது, கால் வீங்குவது, சிறுநீர் நுரைத்து நிற்பது ஆகியவை முதல் அறிகுறிகள். கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் சுபாவம், இரத்த அழுத்தம் உயர்வது என்றும் காட்டலாம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக வைத்தியர்கள் ஒரு குறித்த வகைச் சவ்வு நோயோடு வந்த 15 பேரை விசாரித்ததில், 13 பேர் வெள்ளையாக்கும் கிறீம் பாவித்தவர்கள் என்று தெரியவந்தது. கிறீமை நிறுத்தினால் இந்த நோய் பலருக்குத் தணிகிறது. ஆனால் கிறீமைப் பற்றி வைத்தியரிடம் சொன்னால்தான் அவருக்கு அது தெரியும். சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர் முகத்துக்குப் பூசுவதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை.

பூசுபவரோடு இது முடிவதுமில்லை. தலையணை உறை, துவாய், தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தை என்று பாதரசம் வீட்டுக்குள் பரவும், ஆவியாகவும் மாறும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. அந்த உடன்படிக்கை முதலில் அழகுப் பொருளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்றது. 2023இல் அந்த வரம்பும் நீக்கப்பட்டு, 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்று தீர்மானிக்கப்பட்டது. விற்பனை அதனால் நின்றுவிடவில்லை.

பாதரசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் டப்பா சில தடயம் தரும். தயாரித்த நிறுவனத்தின் முகவரி இல்லை, உட்பொருள் விபரம் இல்லை, எழுத்து வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கிறது என்றால் அங்கேயே வைத்துவிடலாம். கலோமெல், மெர்குரஸ் குளோரைட், மெர்குரியோ என்ற பெயர்கள் எல்லாம் பாதரசமே. தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் படக்கூடாது என்று எழுதியிருந்தால் அது மிக நல்ல தடயம்: பாதரசம் உலோகத்தோடு சேர்ந்து கலவையாகும் என்பதால் எழுதிய வரி அது. வெளிச்சத்தில் சில நாள் திறந்து வைத்தால் கிறீம் சாம்பல் நிறமாவதும் சந்தேகத்துக்கு இடம்.

ஸ்டீரொய்ட் வேறு வழியில் வெளுக்கச் செய்கிறது. தோலின் குருதிக் குழாய்களைச் சுருக்கி வெளிறச் செய்யும், அழற்சியை அடக்கிப் பருவையும் தற்காலிகமாக மறைக்கும், நிறமி செய்யும் உயிரணுக்களையும் மந்தப்படுத்தும். குளோபெட்டசோல் 0.05 சதவீதம், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவை நல்ல மருந்துகள். வேறு நோய்களுக்கு, வைத்தியர் எழுதிய நாட்களுக்கு. குளோபெட்டசோலைத் தொடர்ச்சியாக இரண்டு வாரத்துக்கு மேல் பூசக்கூடாது, முகத்துக்குப் பூசவே கூடாது. முகத்தோல் மருந்தை உறிஞ்சும் அளவு அதிகம் என்பதே காரணம்: முன்கையில் ஒரு பங்கு உள்ளே போனால் நெற்றியில் ஏறத்தாழ 6 பங்கும் தாடையில் 13 பங்கும் போகும்.

மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து உள்ளே இருக்கும் நரம்புபோன்ற சிவப்புக் கோடுகள் தெரியும், கன்னத்தில் முடி வளரும், சிறு பருக்கள் கொத்தாய் எழும். கிறீமை நிறுத்திய சில நாட்களில் முகம் சிவந்து எரியத் தொடங்கும். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கிறீம் இல்லாததால் முகம் கெட்டது என்று எண்ணி மறுபடி பூசுகிறார்கள், உடனே தணிகிறது, நம்பிக்கை இன்னும் பலமாகிறது. உண்மையில் முகம் எரிந்தது அந்த மருந்து விட்டுப்போனதால். இதிலிருந்து வெளியே வர, வலுக் குறைந்த மருந்துக்கு மாறிப் படிப்படியாக விடுவதா, ஒரேயடியாக நிறுத்தி வேறு மருந்தால் எரிச்சலை அடக்குவதா என்று தோல் வைத்தியர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். முகம் சாதாரணமாவதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் வீட்டார் ‘முன்பு நல்லாத்தானே இருந்தது’ என்று சொல்லாமல் இருப்பது பெரிய உதவி.

சில இடங்களில் மூன்று நான்கு ரியூப்பைப் பிதுக்கிக் கலந்து சிறு டப்பாவில் அடைத்து ‘எங்களுடைய சொந்தக் கிறீம்’ என்று கொடுக்கிறார்கள். கலந்தவர் எவ்வளவு நம்பிக்கையானவர் என்றாலும் அதை வாங்காதீர்கள்.

மங்குக்கு உண்மையில் என்ன செய்யலாம்

கன்னத்திலும் மேலுதட்டிலும் கருந்திட்டாகப் படரும் மங்கு கர்ப்பத்தின்போதும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் கூடும். வெயிலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அதை வளர்க்கும். இதை முற்றாக அழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம். இதை ஒப்புக்கொள்ளும் வைத்தியர்தான் சரியானவர்.

வைத்தியர்கள் எழுதும் முக்கலவைக் கிறீமில் பொதுவாக ஹைட்ரோகுயினோன் 4 சதவீதம், ட்ரெட்டினோயின் 0.05 சதவீதம், ஃபுளுவோசினோலோன் 0.01 சதவீதம் இருக்கும். மங்குக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அதிலும் ஸ்டீரொய்ட் உண்டு. 8 வாரம், கூடினால் 12 வாரம், அதற்குப் பிறகு நிறுத்த வேண்டும். வைத்தியர் எழுதிய பழைய மருந்துத் துண்டைக் காட்டிப் பாமசியில் வருடக்கணக்காக வாங்குவதுதான் ஆபத்து. ஹைட்ரோகுயினோனை நீண்ட காலம் பூசினால் தோலுக்குள் நீலங்கலந்த கறுப்பு படிந்துவிடும். அது போவது மிகக் கடினம். கர்ப்பிணிகளுக்கு ட்ரெட்டினோயினும் ஹைட்ரோகுயினோனும் வேண்டாம். அவர்களுக்கு 15 முதல் 20 சதவீத அசெலாயிக் அமிலம் ஏற்றது. மெதுவாகத்தான் வேலை செய்யும், பலன் தெரிய மூன்று மாதம் கொடுக்க வேண்டும்.

சூரியத் தடுப்புக் கிறீம் இல்லாமல் இவற்றில் எதுவும் நிற்காது. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாதது வேண்டும். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. பெரும்பாலானோர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை, பிறகு ‘கிறீம் வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். வெளியே நின்றால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஒக்சைட் சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் வகை நல்லது. வெள்ளைக் கிறீம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மறிக்காது. ஸ்கூட்டியின் இருக்கைப் பெட்டிக்குள் வைத்துத் திரியும் கிறீம் வெக்கையில் பிரிந்து கெட்டுவிடும். குடையும் அகன்ற தொப்பியும் கிறீமுக்கு நல்ல துணைக் காவல்.

வெள்ளையாக்கும் ஊசி

இந்த ஊசியில் இருக்கும் குளுட்டதயோன் என்பது உடம்பு தானே செய்துகொள்ளும் ஒரு பொருள். நரம்பில் ஏற்றினால் சில மணிநேரத்துக்குள் குருதியிலிருந்து நீங்கிவிடும். நிறம் குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகள் சிறியவை, குறுகியவை. தெரிந்த மாற்றமும் ஊசியை நிறுத்தியதும் போய்விடுகிறது. இந்த ஊசி மிகப் பிரபலமான பிலிப்பைன்ஸில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விடுத்திருக்கிறது: அங்கே அதற்கு அனுமதி புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினோடு துணையாகக் கொடுக்க மட்டும்தான். தோல் உரிந்துபோகும் கடும் ஒவ்வாமை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அந்த எச்சரிக்கையில் உள்ளன. கூடவே ஏற்றும் அதிக அளவு விற்றமின் சி, ஜீ-6-பீ-டீ நொதி குறைந்தவர்களின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். அந்தக் குறைபாடு தனக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. பலன் இவ்வளவு சிறிதாகவும் ஆபத்து இவ்வளவு பெரிதாகவும் இருக்கையில் எடைபோட எதுவுமில்லை. வேண்டாம்.

லேசர்: கேட்க வேண்டிய கேள்விகள்

முடியகற்றும் லேசர் சரியான கையில் நல்ல சிகிச்சை. முடியின் கறுப்பு நிறமி கதிரை உறிஞ்சிச் சூடாகி வேர் கருகுகிறது. நரைமுடிக்கு நிறமி இல்லை, அதனால் பலனும் இல்லை. தோலிலும் அதே நிறமி இருப்பதுதான் நமக்குள்ள சிக்கல். 755 நனோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் கதிரைத் தோலின் நிறமி அதிகமாக வாங்கிக்கொள்ளும். 810 டயோட் ஓரளவு குறைவாக. 1064 என்டி-யாக் ஆகக் குறைவாக. 5ஆம் வகைத் தோலுக்கு 1064 பாதுகாப்பானது. டயோட்டையும் நீண்ட துடிப்போடும் நல்ல குளிரூட்டலோடும் பாவிக்கலாம். ஐ.பி.எல். என்பது லேசரே அல்ல, பல அலைநீளம் கலந்த பளிச்சொளி. கருந்தோலில் சூடுபடும் வாய்ப்பு கூடியது. ‘உங்கள் கருவி எத்தனை நனோமீற்றர்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

வேரோடு இணைந்து வளரும் பருவத்தில் இருக்கும் முடியைத்தான் கதிர் அழிக்கும். ஒரு நேரத்தில் எல்லா முடியும் அந்தப் பருவத்தில் இருக்காது. ஆகவே 6 முதல் 8 தடவை வேண்டும். முகத்துக்கு 4 முதல் 6 வாரம், உடம்புக்கு 6 முதல் 8 வாரம் இடைவெளி. கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்குவதில் பயனில்லை. நான்கு வாரம் முன்பிருந்தே நூல், வேக்ஸ் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், வேர் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காக. முதல்நாள் சவரம் செய்யலாம். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடலில் நின்று கறுத்துவிட்டு வந்த தோலுக்குக் கதிர் வைக்கக்கூடாது. நிறம் இறங்கும்வரை நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். காதுக்குக் கீழே ஓரிடத்தில் சோதித்துப் பார்த்து, ஒரு வாரமாவது கழித்து முழுமுகத்துக்குப் போவது நல்லது. சூட்டுக்காயம் உடனே தெரியும், நிறமாற்றம் பிந்தித்தான் தெரியும். சிகிச்சை செய்பவர், பெறுபவர் இருவர் கண்ணுக்கும் காப்புக் கண்ணாடி வேண்டும். புருவ எலும்புக்குக் கீழே, கண்ணைச் சுற்றியுள்ள குழியில் கதிர் படவே கூடாது.

நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று: தாடையிலும் கழுத்திலும் லேசர் வைத்த பிறகு முடி குறையாமல் கூடுவதும் உண்டு. தெற்காசியப் பெண்களின் முகத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வேரை அழிக்கப் போதாத சூடு அதைத் தூண்டிவிடுகிறது என்று கருதப்படுகிறது. தாடையில் தடித்த முடியோடு மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் வந்தால் முதலில் சூலக நீர்க்கட்டிகளுக்கான பரிசோதனை செய்ய வேண்டும். ஹோர்மோன் அப்படியே இருக்க லேசருக்குக் காசு கொட்டினால் முடி திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

அமிலம் பூசி உரிக்கும் பீலிங்கில் நமது தோலுக்கு 20 முதல் 30 சதவீத சாலிசிலிக் அமிலம் ஓரளவு பாதுகாப்பானது. வேலை முடிந்ததும் வெள்ளைப் பொடியாகப் படிந்து தானாக நின்றுவிடும். கிளைக்கோலிக் அமிலம் அப்படி நிற்காது. நிமிடம் பார்த்துச் சோடியம் பைகாபனேட் கரைசலால் நிறுத்த வேண்டும். நிறுத்த மறந்த நேரத்தில்தான் முகம் வேகிறது. இணையத்தில் வாங்கிய டீ.சீ.ஏ. அமிலத்தை வீட்டில் தொடவே வேண்டாம். முதலாவது பீலிங்கைக் கலியாண வாரத்தில் செய்யாமல், குறைந்தது ஒரு மாதம் முன்பே செய்து பாருங்கள். தங்க பேசியலில் தங்கத்தால் ஒன்றும் நடப்பதில்லை. பிடித்துவிடுவதாலும் ஈரப்பதத்தாலும் ஓரிரு நாள் பளபளப்பு வரும், கெடுதி இல்லை. பிளீச் வெளுக்கச் செய்வது முகத்து மென்முடியை, தோலை அல்ல.

முடி

முடியை நேராக்கும் ‘கெராட்டின்’ சிகிச்சையில் கெராட்டின் ஒரு பெயர்தான். பல வகைகளில் வேலை செய்வது ஃபோமல்டிஹைட். அதாவது உடலைப் பதப்படுத்தும் போமலினில் உள்ள அதே பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் வைத்திருக்கிறது. ‘ஃபோமல்டிஹைட் இல்லை’ என்று எழுதிய போத்தலில் மெத்திலீன் கிளைக்கோல் இருந்தால் இரண்டும் ஒன்றே. சூடான இரும்பு 200 பாகைக்கு மேல் போகும்போது அது வாயுவாக வெளியேறும். ஏ.சி.க்காகக் கதவு யன்னல் எல்லாம் பூட்டிய அறையில் ஆகக் கூடுதலாகச் சுவாசிப்பவர் அங்கே தினமும் வேலை செய்யும் பிள்ளைதான்.

ஃபோமல்டிஹைட்டைத் தவிர்க்க வந்தது கிளையோக்சிலிக் அமிலம். அது தலைத்தோல் வழியாக உள்ளே போய் ஒக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் பளிங்காகப் படிகிறது. இஸ்ரேலில் முடி நேராக்கிய பின் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்போடு வந்த 26 பேரைப் பற்றி வைத்தியர்கள் அறிக்கையிட்டார்கள். ஒரே பெண்ணுக்கு மூன்று முறை இது நடந்ததைப் பற்றி 2024இல் பிரான்ஸ் வைத்தியர்கள் எழுதி, எலிகளில் சோதித்துக் காரணமும் காட்டினார்கள். முடி நேராக்கிய அன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ வாந்தி, முதுகுப்புற வலி, சிறுநீர் குறைவு வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தலைத்தோலில் படாமல் ஓரங்குலம் விட்டுப் பூசினால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது.

முடிச்சாயத்தின் கறுப்பு பெரும்பாலும் பீ.பீ.டீ. என்ற பொருளால் வருகிறது. காதுக்குப் பின்னால் சிறிது பூசி 48 மணிநேரம் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். பத்து வருடம் ஒத்துக்கொண்ட சாயம் பதினோராம் வருடம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் இடும் ‘கறுப்பு மருதாணி’யிலும் இதைக் கலக்கிறார்கள். உண்மையான மருதாணி செம்பழுப்பாகச் சிவக்கும், அதற்குப் பல மணிநேரம் வேண்டும். ஒரு மணிநேரத்தில் கன்னங்கரேலென்று ஏறினால் அது மருதாணி அல்ல. சிறுபிள்ளையின் கையில் அது ஒருமுறை கொப்புளித்தால் வாழ்நாள் முழுவதும் முடிச்சாயம் ஒவ்வாமல் போகலாம்.

ஊசியும் நிரப்பியும்

தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் பொட்டொக்ஸ் ஊசி சரியாகப் போட்டால் பாதுகாப்பான சிகிச்சைதான். புருவ இடைச் சுருக்கத்துக்கு 20 அலகு, ஐந்து இடத்தில் நான்கு நான்காக. பலன் மூன்று நான்கு மாதம். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், கலக்கிய குப்பியை 24 மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும். கொழும்பிலிருந்து பேருந்தில் குளிர்ப்பெட்டி இல்லாமல் வந்த குப்பி வேலை செய்யாமல் போகலாம். குப்பியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். தோலுக்கடியில் ஏற்றிப் பள்ளத்தை நிரப்பும் நிரப்பி ஊசி வேறு விஷயம். மூக்கிலும் புருவ இடையிலும் அது குருதிக் குழாய்க்குள் போனால் கண் பார்வையே போகலாம். ஹயலுரோனிக் அமில வகையைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் அந்த அறையிலேயே இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சொந்தக் குருதியை எடுத்து முகத்தில் குத்தும் சிகிச்சையில் ஊசி ஒருவருக்கு ஒன்று என்பதில் சமரசம் கிடையாது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் உரிமமில்லாத நிலையமொன்றில் இதைச் செய்தவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது பதிவாகியிருக்கிறது.

ஊசி போடுபவர் வைத்தியரா என்பதை இலங்கை மருத்துவப் பேரவையின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். தோலில் சந்தேகம் என்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் கட்டணமில்லை. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போகும்போது பாவித்த டப்பா, ரியூப், உறை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வெள்ளையாக்கும் கிறீம் மூன்று மாதத்துக்கு மேல் பூசியவர் வீக்கம் இல்லாவிட்டாலும் சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மிக எளிய சோதனை அது. கடையைப் பற்றிய முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் சொல்லலாம். சந்தேகமான டப்பாவை மூடி இறுக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் தனியே வையுங்கள். குப்பையோடு சேர்த்து வளவில் எரிக்க வேண்டாம். பாதரசம் ஆவியாகி அதே வளவில் நிற்பவர்களின் மூச்சில் போகும்.